இரு வீடு ஒரு வீடாகும் முறை

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகளை ஒன்றாக்கும் வேலை, அப்பழமொழி கூறும் இரு காரியங்களையும் ஒருங்கே செய்வதற்கு ஒப்பாகும். சுவரும் கூரையும் மட்டும் அங்கே இணைவதில்லை. இரண்டு பத்திரங்கள், இரண்டு வரிவிதிப்புகள், இரண்டு மின் இணைப்புகள், சில வேளைகளில் இரண்டு குடும்பங்களும் இணைய வேண்டியிருக்கின்றன. கொத்தனாரை அழைத்துச் சுவரைத் திறக்க ஒரு பகல் போதும். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்யாது விட்டவர்கள், பிறகு பல ஆண்டுகள் அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நடப்பதைக் காண்கிறோம். ஆகவே இத்திங்கள் பாடமாக இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

நெசவாளருக்கு இஃது அயலான பொருளன்று. குழித்தறி ஒன்று போட்டு, பாவு நீட்டி, நூல் சுற்ற இராட்டினமும் வைத்துக்கொள்ள நீண்ட கூடம் வேண்டும். அரை கிரவுண்டு மனையில் கட்டிய வீட்டில் தறி வைத்தால் படுக்க இடமில்லை. படுக்க இடம் விட்டால் தறிக்கு இடமில்லை. பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினருக்கோ விதைமூட்டையும் கருவிகளும் வைக்க அறை தேவைப்படுகிறது. பக்கத்து வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டவுடன், "அதை வாங்கி இதனோடு சேர்த்துவிடுவோம்" என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

ஓர் எடுத்துக்காட்டு

பாடத்தைத் தெளிவாக்க ஒரு குடும்பத்தைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். ஊர், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஏரிக்கரையில் உள்ள பருத்திப்பட்டு. பருத்தியும் பட்டும் ஒருங்கே ஒலிக்கும் அப்பெயர் நெசவாளருக்கு உவப்பானதுதான். ஆனால் செங்கற்பட்டிற் போலப் 'பட்டு' அங்கே ஊர்ப்பெயரின் ஈறே. முன்னாளில் சிற்றூராயிருந்த பருத்திப்பட்டு, 2019-இல் அமைந்த ஆவடி மாநகராட்சியினுள் அடங்கியிருக்கிறது; சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லையிலும் உள்ளது. ஊர் நகரமான இடங்களில் மனையின் விலை ஏறுகிறது. விலை ஏறிய இடத்தில் எல்லைத் தகராறும் ஏறுகிறது. இதனாலேயே இவ்வூரை எடுத்துக்கொண்டோம்.

அங்கே 20 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட இரண்டு மனைகள் அருகருகே உள்ளன. ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. கிழக்கு வீடு தந்தையார் தம் சொந்த உழைப்பால் வாங்கியது; அவர் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். மேற்கு வீட்டை மூத்த மகன், வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றுத் தம் பெயரில் வாங்கினார். தாய், மூத்தவர், இளையவர், மணமாகிச் சென்ற தங்கை என நால்வர் உளர். மூத்தவர் இரு வீட்டையும் ஒன்றாக்கி நடுவில் தறிக்கூடம் அமைக்க விரும்புகிறார். அவர் எங்கே தொடங்க வேண்டும்?

இணைப்பு மூவகை

முதலில், இணைப்பு என்னும் சொல்லுக்குள் மூன்று வேறு செயல்கள் இருப்பதை உணர்தல் வேண்டும்.

முதலாவது வாயில் இணைப்பு. இரு வீடுகளும் இரு வீடுகளாகவே இருக்க, இடைச்சுவரில் ஒரு கதவு மட்டும் வைப்பது. வேண்டாதபோது செங்கல் வைத்து அடைத்துவிடலாம்.

இரண்டாவது கட்டட இணைப்பு. இடைச்சுவரை நீக்கி, கூடத்தையும் கூரையையும் ஒன்றாக்கிக் கட்டுவது. இதை மீண்டும் பிரிப்பது பெருஞ்செலவு.

மூன்றாவது உரிமை இணைப்பு. இரண்டு மனைகளும் ஒரே உரிமையாளர் பெயரில் வந்து, பட்டாவிலும் வரிப் பதிவேட்டிலும் ஒரே சொத்தாக ஆவது.

பெரும்பாலோர் இரண்டாவதை முதலில் செய்துவிட்டு மூன்றாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகின்றனர். முறை இதற்கு நேர்மாறானது. காகிதம் முதலில், கடப்பாறை பிறகு.

உரிமையைக் கணக்கிடுதல்

நம் எடுத்துக்காட்டில் மேற்கு வீடு முழுவதும் மூத்தவருடையது. கிழக்கு வீட்டின் நிலை வேறு. உயிலின்றிக் காலமான இந்து ஆடவரின் சொந்தச் சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி தாய்க்கும் இரு புதல்வருக்கும் புதல்விக்கும் சமமாகச் சேரும். ஆக, 1,200 சதுர அடியில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு. மனைக் கணக்கில் 300 சதுர அடிக்கு நிகர். மூத்தவர் 2,400 சதுர அடி நிலத்தில் வீடு கட்டப் போகிறார். அவருக்கு உரியதோ 1,500 சதுர அடிக்கு நிகரானதே. எஞ்சிய 900 சதுர அடி மற்ற மூவருடையது.

"தங்கை கேட்கமாட்டாள்" என்பார் மூத்தவர். தங்கை கேளாதிருக்கலாம், அவளுடைய பிள்ளைகள் கேட்பர். கேட்பது அவர்கள் உரிமை. மணமாகிச் சென்றதனால் மகளின் பங்கு மறைந்துவிடுவதில்லை. சொத்து பூர்விகமானதாயின், தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும் நாடு முழுமைக்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளுக்கு மகனோடொத்த உரிமையை அளித்துள்ளன. ஆகவே தாய், தம்பி, தங்கை மூவரும் மனமொப்பித் தத்தம் பங்கை விட்டுக்கொடுப்பதாயின், அதனை விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு கொடுப்பதாயின் அத்தொகையைப் பத்திரத்திலேயே குறித்தல் நலம். குடும்பத்தாரிடையே எழுதப்படும் விடுதலை, செட்டில்மெண்டு, பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அவ்வப்போதைய விகிதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியது. எழுதிக் கையொப்பமிட்ட நான்கு திங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்தல் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிப் பெரியவர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம், ஊரில் மதிப்புடையதாயினும், உரிமையை மாற்றாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூத்தவர் தம் தனிச்சொத்தாகிய மேற்கு வீட்டைக் குடும்ப வீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால், அதுவும் குடும்பப் பொதுச்சொத்தாகிவிடுமா? எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தினர் என்பதனால் மட்டும் தனிச்சொத்து பொதுச்சொத்தாகாது; தன் தனியுரிமையைக் கைவிடும் தெளிவான எண்ணம் உரிமையாளருக்கு இருந்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் கொண்ட நெறி. ஆயினும், அந்த எண்ணம் இருந்ததா இல்லையா என்று இருபது ஆண்டு கழித்து வாதாடுவதைவிட, இன்றே ஒரு தாளில் எழுதிவைத்தல் எளிது.

கடனும் அடைமானமும்

மேற்கு வீடு சங்கத்திடம் அடைமானத்தில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் இரண்டு விதிகளை அங்கத்தினர் அறிந்திருத்தல் வேண்டும். அடைமானம் வைத்த சொத்தோடு பிறகு சேர்ந்தமையும் பெருக்கமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், அக்கடனுக்கு ஈடாகும் என்பது ஒன்று. ஈடு போதாமற்போகும் அளவுக்கு அச்சொத்தை அழிக்கவோ நிலையாகக் கெடுக்கவோ கூடாது என்பது மற்றொன்று. சங்கத்துக்குச் சொல்லாமல் அடைமான வீட்டின் சுவரை நீக்குவது இவ்விரண்டாம் விதியோடு மோதக்கூடும். இரு வீட்டையும் தழுவி ஒரே கூடம் எழும்பிவிட்டால், கடன் ஈடு எதுவரை செல்லும் என்னும் வழக்கு முதல் விதியிலிருந்து பிறக்கும். கிழக்கு வீட்டில் பங்குள்ள தாயும் தங்கையும் தாம் வாங்காத கடனுக்காக வழக்கில் இழுக்கப்படுவர்.

ஆகவே கடன் நிலுவை இருக்கும்வரை, எழுத்து மூலமான இசைவை முன்கூட்டியே பெறுதல் கடமை. இசைவு கேட்பது கூட்டுறவுக்கு இழுக்கன்று, அதுவே கூட்டுறவு. இம்மாவட்டத்திலுள்ள திரூரிலே 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவான நாள் தொட்டு, அங்கத்தினரின் நாணயமே சங்கத்தின் முதலாக இருந்துவருகிறது. ஒருவர் ஈட்டைக் குலைத்தால் அந்த இழப்பு, அவரைப் போன்றே சிறுகச் சிறுகச் சேமித்த மற்ற அங்கத்தினர் தலையில் விழுகிறது.

அளவும் எல்லையும்

மேற்கு வீட்டை வாங்குமுன் முப்பது ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், பட்டா, புலப்படம் ஆகியவற்றை ஒப்புநோக்க வேண்டும். பத்திரத்தில் 20 அடி என்றிருந்து நிலத்தில் 19 அடியே இருப்பது அரிய செய்தியன்று. இரண்டு மனைகளையும் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு ஒரே நாளில் அளந்து, ஒரே வரைபடத்தில் குறித்துக்கொள்வது நலம். பழைய பத்திரங்களில் கிழக்கு வீட்டின் மேல் எல்லையாக மேற்கு வீடும், மேற்கு வீட்டின் கீழ் எல்லையாகக் கிழக்கு வீடும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றான பின், வருங்காலப் பத்திரங்களில் வெளி எல்லைகள் நான்கையும் மட்டும் கொண்ட புதிய சொத்து விவரம் எழுதப்பட வேண்டும். பழைய இரு சர்வே எண்களையும் உட்பிரிவு எண்களையும் விடாது குறிக்க வேண்டும்.

இடைச்சுவர் யாருடையது என்பதையும் அறிதல் வேண்டும். இரு வீட்டாருக்கும் பொதுவான ஒரே சுவராக இருக்கலாம். அல்லது ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் எழுப்பிய இரு சுவர்கள் ஒட்டி நிற்கலாம். பொதுச்சுவரில் ஒருவர் தனித்துக் கைவைத்தல் தகாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இதற்கென்றே 1996-இல் ஒரு சட்டம் இயற்றி, பொதுச்சுவரில் வேலை தொடங்க இரண்டு திங்கள் முன்னரே அண்டை வீட்டாருக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்று விதித்தனர். நமக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லாவிடினும், அந்த வழக்கம் பின்பற்றத் தக்கதே.

இரு வீடுகளுக்கிடையே நடைவழி, சாக்கடை, வெளிச்சம், காற்று முதலிய உரிமைகள் இருந்தால், இரண்டும் ஒரே ஆளின் முழு உரிமைக்கு வந்தவுடன் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அவை முடிவுறும். தன் நிலத்தின்மேல் தனக்கே வழியுரிமை இருக்க முடியாதல்லவா? ஆனால் மூன்றாம் வீட்டாரின் உரிமை முடிவுறாது. இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்து வழியே பின்வீட்டு மழைநீர் இருபது ஆண்டுக்கு மேலாக, தடையின்றி, உரிமையாகவே ஓடிவந்திருக்குமாயின், அச்சந்தை மூடிக் கூடம் கட்டுதல் வழக்குக்கு வித்தாகும். ஏரியும் கூவம் ஆறும் அண்மையிலுள்ள பருத்திப்பட்டு போன்ற இடங்களில் நீர்வழியை அடைப்பது, வழக்கைவிடப் பெரிய தீங்கையும் ஒரே மழையில் கொண்டுவரும்.

அனுமதி

கட்டட இணைப்பு, புதுக்கட்டடம் போலவே, 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு உட்பட்டது. இரு மனையாக இருக்கையில் ஒவ்வொன்றும் தனித்தனியே பக்க இடைவெளி விட வேண்டும். ஒரே மனையாக்கி வரைபடம் கொடுத்தால், நடுவெல்லை மறைவதால் அங்கே இடைவெளி விட வேண்டியதில்லை. தறிக்கூடத்துக்குக் கிடைக்கும் அகலம் அதுவே. இப்பயனைப் பெற விரும்புவோர் மனைகளை முறைப்படி ஒன்றாக்கியே ஆக வேண்டும்.

2024-இல் தமிழ்நாட்டில் தற்சான்று முறை தொடங்கப்பட்டபோது, 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளமும் முதல் தளமும் அடங்க 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீட்டுக்கு, இணையவழியே எளிதில் அனுமதி பெற வழி செய்யப்பட்டது. நம் எடுத்துக்காட்டின் 2,400 சதுர அடி இவ்வெல்லைக்குள் அடங்குகிறது. ஆனால் 1,300 சதுர அடி மனைகள் இரண்டைச் சேர்ப்பவர் 2,600-க்குச் சென்றுவிடுவார்; தனித்தனியே எளிய முறைக்குள் அடங்கிய மனைகள், சேர்ந்தபின் அடங்கா. இக்கணக்கை முன்னரே போட்டுப் பார்க்க வேண்டும்.

சுவரைத் திறத்தல்

இனிச் சுவருக்கு வருவோம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் தன் பாரத்தை மட்டும் தாங்குவது. ஒன்பது அங்குலச் சுவரோ, தூண் இல்லாத வீடுகளில், கூரையையும் மேல்மாடியையும் தாங்கி நிற்பது. இடைச்சுவர் இவற்றுள் எது என்பதைப் பொறியாளர் கண்டு சொல்லும் முன் ஒரு செங்கலையும் பெயர்க்கலாகாது. ஒரே சுவரின்மேல் இரு வீட்டுத் தளமும் ஊன்றியிருந்தால் ஆபத்து இருமடங்கு.

திறப்பு சிறிதாயின் அதன்மேல் காங்கிரீட்டு உத்தரக்கல் போதும். பெரிதாயின் விட்டமும், அவ்விட்டத்தைத் தாங்கத் தூணும், தூணுக்கு அடித்தளமும் வேண்டும். மேற்பாரத்தை முட்டுக் கொடுத்துத் தாங்கிய பின்னரே சுவரை நீக்குதல், சுவரின் மூலையை ஒட்டித் திறவாமல் போதிய சுவரை இருபுறமும் விடுதல், காங்கிரீட்டு உறுதிபெறும் நாள்வரை முட்டை எடாதிருத்தல் ஆகியவை பொதுவிதிகள்.

வேறு வேறு காலத்தில் வேறு வேறு அடித்தளத்தில் எழும்பிய இரு வீடுகள் ஒரே அளவாகப் படிந்து அமைவதில்லை. இரண்டு தளங்களையும் இறுகக் கட்டிவிட்டால் சில ஆண்டுகளில் அவ்விணைப்பின் மேலேயே வெடிப்பு ஓடும். பொறியாளர் கூறினால் இடையே ஓர் இணைப்பிடைவெளி விட்டு, மேலே மழைநீர் புகாவண்ணம் மூடுதல் நன்று. தரைமட்டம் ஒன்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருக்குமாயின், ஒற்றைப் படியாக விடாமல் சாய்தளமாக்குவது முதியோருக்கும் பாவுச் சுமையோடு நடப்போருக்கும் நலம். குழித்தறியின் குழியைத் தூணின் அடித்தளத்துக்கு அருகே தோண்டக் கூடாது என்பதையும் நெசவாளர் நினைவிற் கொள்க.

மின்சாரமும் வரியும்

உயிருக்கு ஊறு விளைப்பது மின்சாரம். இரு வீட்டின் மின் இணைப்புகளும் வேறு வேறு முனையிலிருந்து வந்திருக்கலாம். அவ்வாறாயின் இரண்டுக்கும் இடையே நானூறு வோல்ட்டு அளவில் அழுத்தம் நிற்கும். சுவரை நீக்கிய உற்சாகத்தில் ஒரு வீட்டுக் கம்பியை மற்ற வீட்டுக் கம்பியோடு சேர்த்துவிட்டால், ஒரு மீட்டரை நிறுத்திய பின்னும் மற்றதன் மின்சாரம் அதில் ஓடும். நின்றுவிட்டது என்று நம்பிக் கைவைப்பவர் மாள்வார். இரண்டு இணைப்புகளையும் தனித்தனியே வைத்திருத்தல் வேண்டும்; அல்லது விண்ணப்பித்து முறையாக ஒன்றாக்க வேண்டும்.

ஒன்றாக்குவதால் செலவு மாறும். 2016-இல் தமிழகத்தில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரு திங்களுக்கு முதல் 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கப்பெற்றன. அலகு கூடக்கூட விகிதமும் கூடும் படிமுறை நடப்பில் உள்ளவரை, தனித்தனியே 300 அலகு செலவிட்ட இரு வீடுகள் ஒன்றாகி 600 அலகு செலவிடும்போது கட்டணம் இருமடங்குக்கு மேலும் செல்லலாம். இதற்காக ஒரே வீட்டில் இரு இணைப்பை மறைத்து வைத்தல் விதிக்குப் புறம்பு. கைத்தறிக்கு 2016-இல் 200 அலகும் 2023-இல் 300 அலகும் என வழங்கப்பெற்ற சலுகைக்கு உரியவர், இணைப்பை மாற்றுமுன் அச்சலுகை எந்த இணைப்பின்மேல் நிற்கிறது என்று கேட்டறிக.

இரு வரிவிதிப்பு எண்களை ஒன்றாக்க மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கையில், இரண்டிலும் நிலுவையின்றி இருத்தல் வேண்டும். குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்கும் இதுவே முறை. தமிழ்நாட்டில் 2003 முதல் வலியுறுத்தப்பட்டுவரும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பையும், பெரிதான கூரைக்கு ஏற்பப் பெரிதாக்குதல் நன்று.

பிரிக்கும் நாளையும் எண்ணுக

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளில் அருகருகே இருந்த இரு வீடுகளை இணைத்துப் பெருவீடாக்கி விற்றதுண்டு. பெருங்குடும்பத்தார் அவற்றை விரும்பி வாங்கினர். பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே செல்லும் நாளும் எந்தக் குடும்பத்துக்கும் வரும். இணைப்பது எளிது, பிரிப்பதற்கோ மீண்டும் அனுமதியும், மனைப்பிரிவு விதிகளும், புதிய சுவரும், புதிய பத்திரமும் வேண்டும். ஆகையால் இணைக்கும்போதே இரண்டு வாசல், இரண்டு கழிப்பறை, இரண்டு நீர்க்குழாய் வழி ஆகியவற்றை அழிக்காது வைத்திருப்பது அறிவுடைமை. பழைய மூலப் பத்திரங்கள் இரண்டையும் என்றும் எறிந்துவிடலாகாது.

நம் எடுத்துக்காட்டின் மூத்தவருக்கு நாம் கூறும் முடிவு இது. தங்கையும் தம்பியும் தாயும் பதிவுப் பத்திரத்தின் வாயிலாக விட்டுக்கொடுக்க இசைந்தால், சங்கத்தின் இசைவையும் மாநகராட்சியின் அனுமதியையும் பெற்று முழு இணைப்பைச் செய்க. அவருள் ஒருவரேனும் தயங்கினால், தறிக்கூடத்தை முழுதும் தமக்கே உரிய மேற்கு வீட்டினுள் அமைத்துக்கொண்டு, கிழக்கு வீட்டுக்கு எல்லோர் சம்மதத்தோடும் ஒரு கதவு மட்டும் வைக்கலாமா என்று பொறியாளரையும் சங்கத்தையும் கேட்டறிக. கூடம் சற்றுக் குறுகியதாயிருக்கும். ஆனால் பொங்கலுக்குத் தங்கை அவ்வீட்டுக்கு வருவாள். வழக்கு மன்றத்தில் எதிரே நிற்கமாட்டாள்.

செய்ய வேண்டிய வரிசை

1. வில்லங்கம், மூலப் பத்திரம், பட்டா, அளவு ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
2. பங்குடையோர் அனைவரின் உரிமையையும் கணக்கிட்டுப் பதிவுப் பத்திரம் பெறுதல்.
3. அடைமானம் இருப்பின் கடன் தந்த சங்கத்தின் எழுத்து மூல இசைவு.
4. பட்டாவை ஒரே பெயருக்கு மாற்றுதல்.
5. ஒரே மனையாக வரைபடம் தீட்டி அனுமதி பெறுதல்.
6. பொறியாளர் மேற்பார்வையில் முட்டுக் கொடுத்துச் சுவரைத் திறத்தல்.
7. மின்சாரம், வரி, குடிநீர்ப் பதிவுகளை ஒன்றாக்குதல்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. தந்தையார் கிழக்கு வீட்டை இளைய மகனுக்கு மட்டும் உயில் எழுதியிருந்தால் மேற்கூறிய பங்குக் கணக்கு எவ்வாறு மாறும்?
2. 1,100 சதுர அடியும் 1,450 சதுர அடியும் கொண்ட இரு மனைகளைச் சேர்த்தால் தற்சான்று முறையின் மனை அளவுக்குள் அடங்குமா?
3. உங்கள் வீட்டு இடைச்சுவர் யாருடையது? பத்திரத்தைப் பார்த்து விடை எழுதுக.

மூன்றாம் வினாவுக்குரிய விடையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் இத்திங்களுக்குள் கண்டறிந்து, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு தாளில் எழுதிவைப்பாராக. அண்டை வீடு விலைக்கு வரும் நாளில் அத்தாள் பயன்படும்.